நியாயப்பிரமாணமும் நற்செய்தி ஒழுக்கமும்

ஒரு சொல்லை நெடுங்காலம் வசைமொழியாக வழங்கிவருவோர், அச்சொல் முதற்கண் யாரைக் குறித்தது என்று ஆராய்வதில்லை. கிறிஸ்தவர்களாகிய நம்மிடையே ‘பரிசேயன்’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. வெளிவேடக்காரன், எழுத்தைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிட்டவன், பிறரைத் தாழ்த்தித் தன்னை மெச்சிக்கொள்பவன் என்னும் பொருள்கள் யாவும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை யாங்கள் பந்தாட அழைத்தபோது, ஓய்வுநாளில் ஆடுவது தம் வழக்கமன்று என்று கூறி மறுத்த விடுதி நண்பர் ஒருவரை, யானே அச்சொல்லால் ஏசினேன். அவர் சினந்தாரல்லர். பரிசேயர் யாவர் என்பதை யான் அறிவேனோ என்று மட்டும் அமைதியாக வினவினர். சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியில் பயின்ற எனக்கு அவ்வினாவிற்கு நேரிய விடை கூற இயலவில்லை. அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இச்சிறு கட்டுரை.

யூதருடைய நியாயப்பிரமாணம் கடினமானது, நற்செய்தி இனியது. அது புறச்செயலை நோக்கியது, இது அகத்தை நோக்கியது. அது தண்டிப்பது, இது மன்னிப்பது என்றே நம்மிற் பெரும்பாலார் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் எத்துணை உண்மையுடையது? இயேசு பெருமான் போதித்த ஒழுக்கம் பிரமாணத்தோடு எவ்வாறு இயைந்துள்ளது, எவ்விடத்து அதனின் வேறுபடுகின்றது? இவற்றை முறையே ஆராய்வாம்.

1. பிரமாணம் என்னும் சொல்

மோசேயின் ஐந்து ஆகமங்களை யூதர்கள் ‘தோரா’ என்று அழைப்பர். எபிரேய மொழியில் அச்சொல்லுக்குப் போதனை, வழிகாட்டுதல் என்பனவே முதன்மையான பொருள்கள். கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்த்த அறிஞர்கள் அதனைச் சட்டம் என்னும் பொருளுடைய ‘நோமோஸ்’ என்ற சொல்லால் மொழிபெயர்த்தனர். புதிய ஏற்பாட்டினரும் அச்சொல்லையே ஆண்டனர். நமது தமிழ் வேதாகமத்தில் அது நியாயப்பிரமாணம் ஆயிற்று. இம்மொழிபெயர்ப்புப் பிழையன்று, ஆயினும் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் நீதிமன்றமும் தண்டனையும் வந்து நிற்கின்றன. ஆசிரியன் கைப்பற்றி வழிநடத்தும் தோற்றம் மறைந்துபோகின்றது.

அதுவன்றியும், பிரமாணம் அருளப்பட்ட காலமும் கருதத்தக்கது. யாத்திராகமத்தின்படி, இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்தினின்றும் மீட்கப்பட்ட பின்னரே சீனாய் மலையில் அதனைப் பெற்றனர். கற்பனைகளைக் கைக்கொண்டால் மீட்பேன் என்று இறைவன் அவர்களிடம் பேரம் பேசவில்லை. மீட்டபின், மீட்கப்பட்டோர் வாழவேண்டிய நெறியைக் காட்டினார். பத்துக் கற்பனைகளின் தொடக்கத்தில், எகிப்தினின்றும் அவர்களை வெளிக்கொணர்ந்தவர் தாமே என்று இறைவன் கூறும் பகுதி ஒன்று உளது. நாம் அதனை முகவுரையாகக் கொண்டு கடந்து செல்கின்றோம். யூதர்களோ அதனையே பத்தனுள் முதலாவதாக எண்ணுகின்றனர். அருள் முந்தியது, கட்டளை பிந்தியது என்பது நற்செய்தியில் மட்டுமே காணப்படும் முறையன்று என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் பயில்வோர்க்கு இதனை விளக்க நம் இலக்கியத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. ஆற்றுப்படையில், பரிசில் பெற்று மீள்வோன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வருவோனுக்குத் தான் சென்ற வழியைக் கூறி ஆற்றுப்படுத்துகின்றான். கொடையைத் துய்த்தவன் வாயிற் பிறப்பதே அவ்வழிகாட்டல். தோராவும் அத்தகையது. விடுதலையைத் துய்த்த மக்களின் நடுவிற் பிறந்த வழிகாட்டல் அது.

2. தலையாய கற்பனை எது?

யூத மரபின்படி தோராவிலுள்ள கட்டளைகள் 613. அவற்றுள் செய்க என்பன 248. செய்யற்க என்பன 365. சிம்லாய் என்னும் ரபி இவ்வெண்ணிக்கையை உரைத்ததாகத் தல்மூத் கூறும். 12-ஆம் நூற்றாண்டினராகிய மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி வரிசைப்படுத்தித் தனி நூலாகவே இயற்றினர். இத்துணைக் கட்டளைகளைச் சுமந்தவர் எங்ஙனம் மகிழ்ந்து வாழ்தல் கூடும் என்று நாம் வியக்கின்றோம். ஆனால் அந்தத் தல்மூத் பகுதி அவ்வெண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. தாவீது அவற்றைப் பதினொன்றாகச் சுருக்கினார், ஏசாயா ஆறாகச் சுருக்கினார், மீகா மூன்றாகச் சுருக்கினார் என்று கூறிக்கொண்டே சென்று, ஒரே கட்டளையில் வந்து முடிகின்றது. பலவற்றின் வேர் எது என்று தேடும் வேட்கை யூத ஆசிரியர்களுக்கும் உரியதே என்பது இதனால் விளங்கும்.

இயேசு பெருமானுக்குச் சற்று முன்னர் எருசலேமில் விளங்கிய ஹில்லேல் என்னும் ஆசிரியரைப் பற்றிய கதை பலரும் அறிந்தது. புறச்சாதியான் ஒருவன் அவரை அணுகி, தான் ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்திற்குள் தோரா முழுவதையும் கற்பிக்குமாறு வேண்டினான். அவனே அதற்குமுன் ஷம்மாய் என்னும் ஆசிரியரிடம் சென்று, அவர் கையிலிருந்த அளவுகோலால் துரத்தப்பட்டவன். ஹில்லேலோ அவனை இகழாது, தனக்கு வெறுப்பானதைப் பிறனுக்குச் செய்யாமையே தோரா முழுவதும் என்றும், ஏனையவை அதன் விரிவுரை என்றும் கூறி, அவ்விரிவுரையைக் கற்கும்படி அவனை அனுப்பினார்.

இதனோடு மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தை ஒப்புநோக்குக. வேதபாரகன் ஒருவன் கற்பனைகளுள் முதன்மையானது எது என்று வினவுகின்றான். பெருமான் புதியதொரு கற்பனையை விடையாகத் தரவில்லை. இறைவன் ஒருவரே, அவரை முழுவுள்ளத்தோடு நேசித்தல்வேண்டும் என்னும் உபாகமக் கட்டளையையும், தன்னைப்போலப் பிறனை நேசித்தல்வேண்டும் என்னும் லேவியராகமக் கட்டளையையும் எடுத்து இணைத்துரைத்தார். அவ்வேதபாரகன் அதனை மனமார ஏற்று, இவை பலிகளினும் மேலானவை என்றான். அவன் இறைவனது இராஜ்யத்திற்குத் தொலைவில் இல்லை என்று பெருமான் அவனைப் பாராட்டினார். லூக்காவின் சுவிசேஷத்திலோ இவ்விரண்டையும் இணைத்துக் கூறுபவன் வினாவ வந்த நியாயசாஸ்திரியே. ஆகவே கிறிஸ்தவ ஒழுக்கத்தின் மணிமுடியென நாம் போற்றும் அன்புக் கட்டளை யூத வேதத்தினின்றும் எடுக்கப்பட்டது. யூத ஆசிரியரும் ஒப்பியது. லேவியராகமத்தின் அந்த 19-ஆம் அதிகாரம், நாட்டில் வந்து தங்கும் அந்நியனையும் தன்னைப்போல நேசிக்குமாறு பணித்தலும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

3. மலைப்பிரசங்கம்

அற்றேல், மலைப்பிரசங்கத்தில் முன்னோர்க்கு உரைக்கப்பட்டதையும் தாம் உரைப்பதையும் பெருமான் எதிரெதிராக நிறுத்தியது என்னை எனின், கூறுதும். அப்பகுதிக்கு முன்னரே, தாம் பிரமாணத்தை அழிக்க வந்தவரல்லர், நிறைவேற்ற வந்தவர் என்று அவர் தெளிவாக உரைத்துள்ளார். பின்வரும் எடுத்துக்காட்டுக்கள் அந்நிறைவேற்றத்தின் விளக்கங்களே. கொலைசெய்யாதவன் சினத்தையும் காக்கவேண்டும். விபசாரம் செய்யாதவன் தீய நோக்கையும் விலக்கவேண்டும். இவற்றுள் எந்தக் கட்டளையும் தளர்த்தப்படவில்லை, யாவும் இறுக்கப்பட்டுள்ளன.

உள்ளத்தைப் பற்றிய போதனை பிரமாணத்தில் இல்லாததும் அன்று. உடன்பிறந்தானை உள்ளத்திற் பகைத்தலாகாது என்று லேவியராகமம் கூறும். பத்தாம் கற்பனை இச்சையையே விலக்குகின்றது. இச்சையை எந்த நீதிபதி விசாரித்தல் கூடும்? பகைவனை வெறுக்குமாறு மோசேயின் பிரமாணத்தில் யாண்டும் விதிக்கப்படவில்லை. வழிதப்பிய பகைவனுடைய எருதையோ கழுதையையோ கண்டால் அதனை அவனிடம் சேர்ப்பிக்குமாறே யாத்திராகமத்தின் 23-ஆம் அதிகாரம் பணிக்கின்றது.

கண்ணுக்கு ஈடாகக் கண் என்னும் விதியே பலராலும் இகழப்படுவது. அவ்விதி பழிவாங்கத் தூண்டுவதற்கு எழுந்ததன்று. பழிக்கு எல்லை வகுக்க எழுந்தது. ஒரு கண்ணுக்கு ஓர் உயிரைக் கொள்ளும் கொடுமையை அது தடுத்தது. கி.பி. 200-ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஒருவனுக்கு ஊறு விளைத்தவன் ஐவகையால் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்று வகுக்கின்றது: உறுப்பிழப்பு, நோவு, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, மானக்கேடு என்பன அவை. கண்ணைத் தோண்டும் பேச்சே அங்கு இல்லை. பொருளால் ஈடுசெய்தலே ரபிகள் கொண்ட முடிவு.

இயேசு பெருமானின் போதனை வேறுபடும் இடம் இதுவே. நீதிபதி தீங்கிழைத்தவனிடமிருந்து எவ்வளவு பெற்றுத்தரவேண்டும் என்று பிரமாணம் வினவுகின்றது. தீங்குற்றவனோ தனக்குரிய உரிமையையும் விட்டுக்கொடுக்க மனங்கொள்வானோ என்று பெருமான் வினவுகின்றார். முன்னது நாட்டிற்கு இன்றியமையாதது. பின்னது சீஷனிடம் எதிர்பார்க்கப்படுவது. இவ்விரண்டையும் குழப்புவோர் பெருந்தீங்கு விளைப்பர். அறைந்தவனுக்கு என் மறுகன்னத்தைக் காட்ட எனக்கு உரிமை உண்டு. எளியவன் ஒருவனுடைய கன்னத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லை. பிறன் துன்புறுங்கால் நீதியைக் கேட்கவேண்டிய கடமையை மலைப்பிரசங்கம் நீக்கவில்லை. அக்கடமையை நமக்குக் கற்பிப்பன பிரமாணமும் தீர்க்கதரிசிகளுமே.

4. ஓய்வுநாள்

சுவிசேஷங்களில் மிகுதியாகக் காணப்படும் வாதம் ஓய்வுநாளைப் பற்றியது. அந்நாளில் விலக்கப்பட்ட தொழில்களை மிஷ்னா 39 வகைகளாகப் பகுக்கின்றது. அவ்வட்டவணையைப் படித்து நாம் நகைப்பதுண்டு. அந்நாளுக்காக உயிர்விட்டோர் உண்டு என்பதை அறிந்தபின் நகைக்க மனம் வாராது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அந்தியோகஸ் அரசனுடைய படை வனாந்தரக் குகைகளில் ஒளிந்திருந்த யூதர்களை ஓய்வுநாளில் தாக்கியது. அவர்கள் கல்லொன்றும் எறியாமல், குகைவாயிலையும் அடைக்காமல், மனைவி மக்களோடு ஏறக்குறைய ஆயிரவர் மடிந்தனர் என்று மக்கபேயர் முதல் நூல் கூறும். அதன் பின்னரே, ஓய்வுநாளிலும் உயிர்காக்கப் போரிடலாம் என்று மத்தத்தியாவும் அவரைச் சார்ந்தோரும் முடிவுசெய்தனர். உயிருக்கு இடர் நேருமோ என்னும் ஐயம் இருப்பினுங்கூட ஓய்வுநாள் விதி விலகும் என்பது பின்னர் மிஷ்னாவில் நிலைபெற்ற விதியாயிற்று.

ஆகவே உயிர்காத்தல் பற்றி இயேசுவுக்கும் பரிசேயர்க்கும் வாதம் இல்லை. அவர் குணமாக்கிய சூம்பிய கையையுடையவனும் பதினெட்டு ஆண்டு கூனியாயிருந்த பெண்ணும் அன்றே இறந்துபடும் நிலையினர் அல்லர். மறுநாள் வரை பொறுத்தல் ஆகாதோ என்பதே ஜெபாலயத் தலைவனின் வினா. அவ்வினா மூடத்தனமானதன்று. பெருமான் அதற்கு இறுத்த விடை யூத நியாயவாதிகளின் முறையிலேயே அமைந்துள்ளது. எருதையும் கழுதையையும் ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகின்றீர்கள். ஆபிரகாமின் மகளாகிய இவளை அவிழ்த்துவிடுதல் அதனினும் தக்கதன்றோ என்பது அவர் கூறியதன் கருத்து. சிறியதினின்றும் பெரியதைத் துணியும் இம்முறை ஹில்லேலுக்கு உரியவாகக் கூறப்படும் ஏழு விதிகளுள் முதலாவது. அன்றியும், எகிப்தில் அடிமையாயிருந்து விடுதலைபெற்றதை நினைத்தே ஓய்வுநாளை ஆசரிக்குமாறு உபாகமம் பணிக்கின்றது. கட்டவிழ்த்தலே அந்நாளின் பொருளாயின், கட்டுண்டவளை அவிழ்க்க அதனினும் ஏற்ற நாள் எது? பெருமான் ஓய்வுநாளை மீறவில்லை; அதன் உட்பொருளைச் செயலாற் காட்டினார் என்பதே என் துணிபு.

5. அப்போஸ்தலர் காலத்தும் பின்னும்

புறச்சாதியார் சபையிற் சேர்ந்தபோது, அவர்கள் விருத்தசேதனம் முதலியவற்றைக் கைக்கொள்ளவேண்டுமோ என்னும் வினா எழுந்தது. கி.பி. 49-ஆம் ஆண்டளவில் எருசலேமிற் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும், விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகிய நான்கை விலக்கினாற் போதும் என்று தீர்மானித்தனர். புறச்சாதியான் தோரா முழுவதையும் சுமக்கவேண்டுவதில்லை என்பது யூத ஆசிரியர்க்கும் உடன்பாடே. நோவாவின் மக்களுக்குரியனவாக ஏழு கட்டளைகளை மட்டுமே அவர்கள் வகுத்துள்ளனர்.

பவுல் அப்போஸ்தலர், பிரமாணத்தின் கிரியைகளால் ஒருவனும் நீதிமானாவதில்லை என்று வாதித்தவர். அவரே ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பிரமாணம் பரிசுத்தமானது என்றும், அன்பே அதன் நிறைவேறுதல் என்றும் உரைக்கின்றார். கலாத்தியருக்கு எழுதுங்கால் பிரமாணத்தை அவர் ஓர் உபாத்திக்கு ஒப்பிட்டார். கிரேக்கத்தில் அவர் ஆண்ட சொல், செல்வர் மனைச் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று அவன் நடையைக் கண்காணித்த ஊழியனைக் குறிப்பது. சிறுவன் வளர்ந்தபின் அவ்வூழியனுடைய கண்காணிப்பு முடிவுறும். ஆனால் அவன் கற்பித்த நல்லொழுக்கத்தை வளர்ந்த மகன் உதறிவிடலாகாது.

இதனை மறந்து, பழைய ஏற்பாட்டையே அறவே விலக்க முனைந்த மார்சியோன் என்பவனைக் கி.பி. 144-இல் ரோமாபுரிச் சபை நீக்கிற்று. பிற்காலத்தில் தாமஸ் அக்குவினாஸ் பிரமாணத்தை ஒழுக்கம், சடங்கு, நீதிமுறை என மூன்றாகப் பகுத்தார். இங்கிலாந்துச் சபையின் 39 கொள்கைகளுள் 7-ஆவதும், சடங்கு விதிகள் கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தமாட்டா என்றும், ஒழுக்கக் கட்டளைகளினின்றும் எக்கிறிஸ்தவனும் விடுபட்டவனல்லன் என்றும் கூறுகின்றது. இப்பகுப்பு நமக்குப் பயன்படுவதே. எனினும், இறைவனைத் தொழுதலும் அயலானுக்கு நீதிசெய்தலும் தோராவில் ஒரே அதிகாரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

6. இகழ்ச்சியின் விளைவு

இவ்வாராய்ச்சி நூலறிவுக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. பிரமாணத்தை இகழ்வோர் நாளடைவில் அதனைக் காப்போரையும் இகழத் தலைப்படுவர். சபைச் சீர்திருத்தத்தின் தந்தையாகிய மார்ட்டின் லூத்தரே 1543-இல் யூதரைக் குறித்துக் கொடியதொரு நூலை எழுதி, அவர்தம் ஜெபாலயங்களை எரிக்குமாறு அரசர்க்கு அறிவுரை கூறினார். 1933-இல் பெர்லினிற் கூடிய பெருங்கூட்டமொன்றில், ஜெர்மன் கிறிஸ்தவர் என்னும் இயக்கத்தார் பழைய ஏற்பாட்டைச் சபையினின்றும் அகற்றவேண்டும் என்று முழங்கினர். 1939-இல் ஐசனாக் நகரில், சபைவாழ்விலிருந்து யூதச் சார்பை நீக்குதற்கென்றே ஒரு கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் அக்கழகத்தார் யூதச் சுவடுகளைக் களைந்த சுவிசேஷத் தொகுப்பையும் வெளியிட்டனர். அப்போர்க்காலத்திலேயே ஏறக்குறைய 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். கொன்ற அரசின் வெறிக்குக் காரணங்கள் பல. ஆயினும் நெடுங்காலம் பிரசங்க பீடங்களினின்றும் விதைக்கப்பட்ட இகழ்ச்சி அவ்வெறிக்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது என்பதை மறுத்தல் இயலாது. 1965-இல் ரோமன் கத்தோலிக்கச் சபையின் பொதுச்சங்கம், கிறிஸ்துவின் மரணத்திற்காக யூதகுலம் முழுவதையும் பழித்தலாகாது என்று அறிக்கை வெளியிட்டது. லூத்தரன் சபைகளும் பின்னர் லூத்தரின் அவ்வுரைகளை வெளிப்படையாக மறுத்தன.

முடிவுரை

பரிசேயருள் வேடதாரிகள் இருந்தனர் என்பது உண்மையே. பரிசேயரை எழுவகையாகப் பகுத்து, அவருட் போலிகளை எள்ளி நகையாடும் பகுதி தல்மூத்திலேயே உளது. ஏரோதின் சூழ்ச்சியை இயேசுவுக்கு அறிவித்து எச்சரித்தவருள்ளும் பரிசேயர் இருந்தனர். அப்போஸ்தலர்க்காகப் பரிந்து பேசிய கமாலியேலும் பரிசேயரே. கீரைக்கும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவரைப் பெருமான் கடிந்தபோது, தசமபாகத்தை விடுமாறு அவர் கூறவில்லை. அதனையும் விடாமல் இவற்றையும் செய்யவேண்டும் என்றார்.

இறைவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் காவாது விட்டவரை அவர் கடிந்த வரலாறும் உண்டு. அக்குற்றம் யூதர்க்கே உரியதன்று. கூட்டங்களுக்கும் பஜனைகளுக்கும் ஓடியாடிப் பணிசெய்துவிட்டு, வீட்டிலுள்ள தாய்க்கு மாதக்கணக்காய் ஒரு வரியும் எழுதாத மாணவன், தன் கொர்பானைத் தானே வகுத்துக்கொண்டவன். அம்மாணவன் யாவன் என்பதை யான் நன்கு அறிவேன்.

கிறிஸ்தவ ஒழுக்கம் நியாயப்பிரமாணத்தின் பகைவனாகத் தோன்றியதன்று. அதன் மடியிற் பிறந்து, அதனோடு வாதாடி, அதன் ஆழத்தினின்றும் அன்பென்னும் வேரை எடுத்துக்காட்டியது. வேரைப் போற்றுவோர் அது ஊன்றிய நிலத்தைப் பழித்தல் தகாது. இவ்வளவும் கற்றபின், யான் ஏசிய நண்பரிடம் சென்று, அவர் வினாவிற்குரிய விடையை ஒருவாறு கண்டேன் என்றும், அச்சொல்லை இனி வசையாக வழங்கேன் என்றும் கூறினேன். ஞாயிறு மாலைகளில் யான் இன்றும் பந்தாடுகின்றேன்; அவர் இன்றும் ஆடுவதில்லை. ஆட்டம் முடிந்து திரும்புங்கால், விடுதி வாயிலில் அமர்ந்து வேதம் வாசிக்கும் அவரைக் கண்டு தலைவணங்கிச் செல்வது என் வழக்கமாயிற்று.